ஓய்வுக்கால இல்லமும் தனி நீச்சற்குளமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் பேசியே பழகிய எமக்குச் செயலாளரவர்கள் இம்முறை அளித்த பொருள் சற்றுப் புதியது. ஓய்வுக்காலத்தில் வாழ்தற்கென்று கட்டும் இல்லத்தில் தனக்கெனத் தனி நீச்சற்குளம் ஒன்று அமைத்துக் கொள்ளுதல் தக்கதோ, தகாததோ என்பதே அப்பொருள். இது செல்வர் சிலர்க்கே உரிய பேச்சென்று இங்குள்ளோரில் சிலர் கருதக்கூடும். அங்ஙனம் அன்று. நம் சங்கத்து உறுப்பினர் எண்மர் கோவை நகர்க்குப் புறத்தே நிலம் வாங்கி, அருகருகே எட்டு இல்லங்கள் எழுப்ப முனைந்துள்ளனர். அவர்கள் பரம்பரைச் செல்வரல்லர். பணியினின்று ஓய்வு பெற்றோரும், விரைவிற் பெறவிருப்போருமே ஆவர். முப்பதாண்டு உழைத்துச் சேர்த்த வைப்புநிதியையும் பணிக்கொடையையும் இதில் இடுகின்றனர். வரைபடத்தில் வீட்டுக்கொரு குளம் வரையப்பெற்றுள்ளது. ‘வேண்டும்’ என்பாரும் ‘வேண்டா’ என்பாரும் ஒரே குடும்பத்துள்ளும் உளர். கட்டடம் எழுந்தபின் வருந்துவதினும், கடைக்கால் எடுக்குமுன் ஆராய்தல் நன்றன்றோ? ஆதலின் இருபாலும் சீர்தூக்கி எம் கருத்தைக் கூறுவோம். முடிவு செய்யும் உரிமை அவ்வெண்மருடையதே.

குளத்தால் வரும் நலம்

முதற்கண் குளத்தின் சார்பிற் கூறத்தக்கனவற்றைக் குறைவறக் கூறுதல் முறை.

‘குளித்தல்’ என்னும் சொல்லை இன்று நாம் செம்பால் நீரை மொண்டு ஊற்றிக் கொள்ளுதற்கும் வழங்குகின்றோம். அச்சொல்லின் பழம்பொருள் மூழ்குதல் என்பதாம். ‘முத்துக் குளித்தல்’ என்னும் வழக்கில் அப்பொருள் இன்றும் நின்று நிலவுகின்றது. பொய்கை, இலஞ்சி, வாவி, தடாகம், கேணி, ஊருணி என நீர்நிலைக்கு இத்துணைப் பெயர் வைத்த மக்கள், நீரினுள் இறங்கி ஆடுதலை ஒரு வீண் ஆடம்பரமாகக் கருதியிருத்தல் இயலாது. எனவே, ‘நீச்சற்குளம் மேல்நாட்டார் பகட்டு’ என்று ஒரே சொல்லால் ஒதுக்குவார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

முதியோர்க்கு நீர் செய்யும் உதவி பெரிது. இடுப்பளவு நீரில் நிற்பவன் தன் உடற்பாரத்தில் ஏறத்தாழப் பாதியையே கால்களில் தாங்குகின்றான். மார்பளவு நீரில் நிற்பவன் மூன்றில் ஒரு பங்கையே தாங்குகின்றான். கழுத்தளவு நீரிலோ பத்தில் ஒரு பங்கே எஞ்சும். தெருவில் நூறடி நடக்க முழங்கால் ஒப்பாதவரும் நீருள் அரைமணி நேரம் நடத்தல் கூடும். நடக்குங்கால் நீர் எதிர்த்துத் தள்ளுவதால் தசைகளும் வலிவுறும். தடுமாறினும் எலும்பு முறிய விழுதல் இல்லை. முதியோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்புக் கொள்ள வேண்டுமென்றும், உடற்சமநிலைக்கான பயிற்சி வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டுமென்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. இவ்விரண்டற்கும் நீர் ஏற்ற இடமே. குளிர்நாட்டார் குளத்து நீரைக் காய்ச்சுதற்குப் பெரும்பொருள் செலவிடுவர். நம் நாட்டிற் கதிரவனே அதனைக் கூலியின்றிச் செய்கின்றான்.

மற்றொன்றும் உண்டு, அது தாய்மார்களைப் பற்றியது. நம் இல்லத்துப் பெண்டிரில் அறுபதைக் கடந்தோர் பலர், பொதுக்குளத்தில் பிறர் காண இறங்குதற்கு நாணுவர். மூட்டு வலியால் அவருள் வருந்தாதார் சிலரே. ‘எனக்கென ஒரு மதிலுள் நீர் இருந்தால் இறங்குவேன்’ என்று ஓர் அம்மையார் கூறின், அச்சொல்லை எள்ளுதல் அறமாகாது. தனிக்குளத்தின் சார்பிற் கூறப்படுவனவற்றுள் இதனையே யாம் வலிவுடையதாகக் கொள்கின்றோம். இதற்கு விடை பின்னர்க் கூறுவோம்.

நீர்க் கணக்கு

இனி மறுபக்கத்தைக் காண்போம்.

25 அடி நீளமும் 12 அடி அகலமும் 4 அடி ஆழமும் உடைய ஒரு சிறு குளத்தை எடுத்துக் கொள்வோம். அதன் கொள்ளளவு 1,200 கன அடி. அஃதாவது ஏறக்குறைய 34,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி மூன்று வந்தால் நிரம்பும். ‘ஒருமுறை நிரப்பினாற் போதுமே’ என்பர். போதாது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகின்றதென்று கொண்டால், இக்குளத்தின் மேற்பரப்பினின்று நாள்தோறும் ஏறத்தாழ 140 லிட்டர் வானேறும். நகரத்து மனிதன் ஒருவனுக்குக் குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றிற்குமாக நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் அளவு வகுத்துள்ளனர். ஆகவே, தனிக்குளம் ஒன்றை வைத்திருத்தல், வீட்டில் முகந்தெரியாத ஒருவனை இருத்தி அவனுக்கு நாடோறும் நீர் அளப்பதை ஒக்கும்.

ஆண்டுக் கணக்கிற் பார்ப்பின், ஆவியாய்ப் போகும் நீரின் உயரம் ஏறத்தாழ ஆறடி. குளத்தின் ஆழமோ நாலடி. குளம் தன்னைத் தானே ஆண்டுக்கு ஒன்றரை முறை குடித்துவிடுகின்றது என்க. மழை ஈடு செய்யாதோ எனின், கோவை மேற்குத்தொடர் மலையின் மழைமறைவிலுள்ள நகரம்; ஆண்டிற்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே அங்கு மழை பெய்யும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று உடலுக்கு இனியதே. நீரையோ அது விரைந்து உலர்த்தும். இவற்றொடு, வடிகட்டும் மணற்கலத்தைக் கழுவுதற்கு ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் வேண்டும். விரிப்பு ஒன்றாற் குளத்தை மூடி வைப்பின் ஆவியாதலிற் பெரும்பகுதி குறையும். ஆயினும் அதனை நாள்தோறும் விரித்துச் சுருட்ட ஆள் வேண்டுமன்றோ?

2019 ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னை நகர்க்கு நீரளிக்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தமையை நாம் மறந்திலோம். குடத்தொடு தெருவில் நின்ற மக்களை நாம் கண்டோம். அத்தகைய கோடை ஒன்று மீண்டும் வருங்கால், குடத்தொடு செல்லும் பெண்டிர் கடந்து போகும் மதிலின் உட்புறத்தே 34,000 லிட்டர் நீர் நீலநிறத்தில் மின்னிக் கொண்டிருப்பின், அவ்வீட்டார் உறக்கம் இனியதாகுமோ? ஓய்வுக்கால இல்லம் மனவமைதிக்காகக் கட்டப்படுவதன்றோ?

உழைப்பும் காவலும்

யானையைக் கட்டித் தீனி போடுவது என்பது நம் நாட்டுப் பழமொழி. குளமும் அத்தகைய யானையே.

நீர் தெளிவாய்த் தோன்றுதல் வேறு. தூயதாய் இருத்தல் வேறு. குளோரின் பத்து லட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு நீரில் நிற்க வேண்டும். அமிலமும் காரமும் ஒத்து நிற்கும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரை இருத்தல் வேண்டும். வெயில் குளோரினை அழிக்கும். மழை அளவைக் குலைக்கும். ஆதலின் அளந்து பார்த்தல் அன்றாடக் கடமையாகின்றது. ஒரு குதிரைத்திறன் பம்பு நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடின் 7 அல்லது 8 யூனிட் மின்சாரம் ஆகும். இரு திங்கட்கு 400 யூனிட்டிற்கு மேல் என்க. இச்செலவு குளத்தில் ஒருவரும் இறங்காத நாளிலும் நிற்பதன்று.

இக்கடமையைச் சில நாள் விடுத்தால் யாது நிகழும்? டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தேங்கிய தெளிந்த நீரையே தேடும். முட்டையிலிருந்து கொசுவாதற்கு அதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். வீட்டார் மக்களைக் காண வெளிநாடு சென்று ஒரு திங்கள் தங்கி மீளுங்கால், குளத்தில் கொசுக் கூட்டம் அவர்களை வரவேற்கும். பராமரியாத நீரில் வாழும் நுண்ணுயிரொன்று மூக்கின் வழியே மூளையை எட்டி உயிர் கொள்வதும் உண்டு. 2024 ஆம் ஆண்டு கேரளத்திற் பிள்ளைகள் சிலர் அந்நோயால் மாண்டமை செய்தித்தாள்களில் வந்தது. குளோரின் முறையாக இட்ட நீரில் இவ்வச்சம் இல்லை. ‘முறையாக’ என்னும் சொல்லிலேதான் உழைப்பு முழுதும் அடங்கியுள்ளது.

அறுபதில் இவ்வுழைப்பு ஒரு பொழுதுபோக்காகவும் தோன்றலாம். கட்டுவோர் தம்மை வினவிக் கொள்ள வேண்டியது வேறொரு வினா: எண்பதாம் ஆண்டில் இக்குளத்தின் பாசியைத் துடைப்பவர் யாவர்?

துணையின்மை

மேற்கூறியவை பொருளாலும் ஆளாலும் ஈடு செய்யத் தக்கவை. பொருளால் ஈடு செய்ய இயலாத ஒன்று உண்டு. யாம் இன்று கூற வந்ததன் உயிர்நிலை அதுவே.

நீரில் மூழ்குவோன் கூவி அழைப்பான், கையை வீசுவான் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மை அஃதன்று. மூச்சுக்குத் தவிப்பவனுக்குக் குரல் எழாது. பெரும்பாலும் ஓசையின்றியே எல்லாம் முடிந்துவிடும். உயிர்வளி கிட்டாத மூளை நாலைந்து நிமிடத்திற் கேடுறத் தொடங்கும். 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் என்றும், அவருட் காற்பங்கினர் ஐந்து வயதும் நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது.

குழந்தைகளுக்காக வேலி இடலாம். நான்கு புறமும் நாலடிக்குக் குறையாத வேலி, தானே மூடிக்கொள்ளும் கதவு, குழந்தை கைக்கு எட்டாத தாழ் ஆகிய இவை இன்றிக் குளம் கட்டுவோர் பேரப்பிள்ளைகளை அழைத்தலே கூடாது. ஆயின் முதியவருக்கு எவ்வேலி காவல்? இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்பவர் நீரினின்று எழுங்காற் சட்டென்று தலை சுற்றுதல் உண்டு. நீரிழிவு உடையவர் பாதத்திற் காயம் பட்டும் உணரார். ஈரத்தரை வழுக்கும். விடியற்காலையில் மனைவியார் அடுக்களையில் இருக்க, எழுபது வயதினர் ஒருவர் தம் மதிலுக்குள் தனியே நீரில் இறங்குகின்றார் என்று கொள்ளுங்கள். அவரைக் காண்பார் யார்? தனிக்குளத்தின் சிறப்பாகச் சொல்லப்படும் ‘பிறர் கண் படாமை’ என்பதே அவ்வேளையில் அவருக்குப் பகையாகின்றது.

இன்னொரு கேடும் உண்டு. அது மெல்ல வருவது. பணியினின்று ஓய்வு பெற்றவன் இழப்பது ஊதியத்தை மட்டுமன்று. நாள்தோறும் ‘வாருங்கள்’ என்று அழைத்த நாலு பேரையும் இழக்கின்றான். தனி வீடு, தனி வண்டி, தனிக் குளம் என அவன் உலகம் சுருங்கச் சுருங்கத் தனிமை பெருகும். தனியே செய்யும் பயிற்சி விரைவில் நின்றுபோதலும் இயல்பு. ‘நாளை பார்ப்போம்’ என்று ஒருவன் தனக்குத் தானே கூறிக்கொள்ளுதல் எளிது. வாயிலில் வந்து நிற்கும் நண்பனிடம் கூறுதல் அரிது. குளத்தில் இறங்கும் நால்வருள் ஒருவர் ஒரு நாள் வாராவிடின், மற்றை மூவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவர். முதுமையில் நமக்கு வேண்டிய காவல் அக்கதவுத் தட்டலே அன்றோ?

ஆதலின் எம் கருத்து இது: நீர் வேண்டும், தனிமை வேண்டா. எட்டு இல்லத்திற்கும் பொதுவாக ஒரே குளம் அமைக்க.

கணக்கும் இதற்குத் துணை நிற்கின்றது. எட்டுத் தனிக்குளங்கட்கு 2,72,000 லிட்டர் நீர் வேண்டும். ஆவியாவது நாளொன்றுக்கு 1,120 லிட்டர். 40 அடி நீளம், 20 அடி அகலம், 4 அடி ஆழம் உடைய ஒரு பொதுக்குளத்திற்கோ ஏறக்குறைய 90,000 லிட்டரே வேண்டும். ஆவியாவது 370 லிட்டர் அளவே. எல்லாம் மூன்றில் ஒரு பங்கு. பம்பு ஒன்று, பயிற்சி பெற்ற ஆள் ஒருவர், செலவு எட்டாகப் பகுக்கப்படும். ஒரு வீட்டார் ஊரில் இல்லாதபோதும் குளம் பாழ்படாது.

தடைக்கு விடை

‘எம் இல்லத்துப் பெண்டிர் பொதுக்குளத்தில் இறங்கார்’ என்பார்க்கு விடை கூற வேண்டும். குளத்தைச் சுற்றி உயர்ந்த மறைப்பு எழுப்புக. நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் பெண்டிர்க்கே என வரையறுத்து, அவ்வரையறையை மாற்றாது காக்க. நம் ஊர்களில் ஆண்துறை, பெண்துறை என்று பிரித்து வழங்கியோர் நம் முன்னோரே. எண்மர் இல்லத்து அம்மையார்களும் சேர்ந்து இறங்கினால், நாணம் மூன்றாம் நாளே அகலும் என்பது எம் துணிபு.

‘பேரப்பிள்ளைகள் வந்தால் விளையாடுவர்’ என்பர் சிலர். வெளிநாட்டிலுள்ள பேரர் ஆண்டிற் பதினைந்து நாள் வருவர். எஞ்சிய 350 நாளும் குளம் நம்முடையது. பதினைந்து நாள் விருந்திற்காக ஒருவர் ஆண்டு முழுதும் அடுப்பை எரிய விடார்.

தனிக்குளம் எவர்க்கும் தகாது என்றும் யாம் கூறவில்லை. மருத்துவர் நீர்ப்பயிற்சியை விதித்து, பொதுவிடத்திற்குச் செல்ல இயலாதவராய், உடன் இறங்கத் துணையாளும் உடையவர்க்கு அது மருந்து. மருந்தை ஆடம்பரம் என்பார் இலர். மற்றையோர்க்கு ஒரு சோதனை கூறுவோம். கட்டுமுன் மூன்று திங்கள், வாரத்திற்கு மூன்று நாள், ஊரிலுள்ள பொது நீச்சற்குளம் ஒன்றிற்குச் சென்று வருக. மருத்துவரைக் கேட்டுவிட்டே செல்க. மூன்று திங்களும் தவறாது சென்றவர் நீரை உண்மையாக விரும்புபவர். மூன்றாம் வாரமே நின்றவர் விரும்பியது நீரையன்று, நீலநிறத்தையே என்று தெளிக. அச்சோதனைக்கு ஆகும் கட்டணம், குளம் தோண்டும் செலவில் நூறில் ஒரு பங்கும் ஆகாது.

பொது என்னும் சொல்

முடிக்குமுன் ஒன்று கூற விழைகின்றோம். ‘பொதுக்குளம்’ என்று நாம் எளிதாகக் கூறுகின்றோம். பழைய ஊருணிகளும் எல்லார்க்கும் பொதுவாய் இருந்தில. இன்னார்க்கு இத்துறை, இன்னார்க்கு எத்துறையும் இல்லை என்று வகுத்த கொடுமை இந்நாடெங்கும் இருந்தது. 1927 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20 ஆம் நாள், மராட்டிய நாட்டு மகாடு என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களை அழைத்துச் சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். ஒரு பொதுக்குளத்து நீரை மனிதன் பருகுவதே போராட்டமாக இருந்த காலம் அது. ஒரு குலத்தார் கூடிய சங்கத்தின் மேடையில் இதனைக் கூறுதல் பொருந்துமோ எனின், இம்மேடையிற் கூறுதலே பொருந்தும். அன்று குலத்தால் இட்ட வேலியை இன்று பணத்தால் இடுதல் நமக்குப் பெருமையாகாது.

ஆதலின் எண்மர்க்கும் ஒரு வேண்டுகோள். அக்குளம் அமையுமாயின், வாரத்தில் ஒரு நாளேனும் அங்குக் காவல் புரிவோர், வீட்டுவேலை செய்வோர், தோட்டம் பேணுவோர் ஆகியோரின் பிள்ளைகட்கும், அருகிலுள்ள சிற்றூர்ப் பிள்ளைகட்கும் பயிற்றுவோர் துணையுடன் நீச்சல் கற்பிக்க இடந்தருக. யாம் பள்ளியாசிரியர். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கிணற்றிலும் கல்லுவாரிக் குட்டையிலும் மூழ்கி இறந்த சிறுவரைப் பற்றிய செய்தியை நாளிதழிற் காண்கின்றோம். விடுமுறை முடிந்து வகுப்பில் வருகைப்பதிவை எடுத்துப் பெயர் கூப்பிடுங்கால், எல்லாப் பெயர்க்கும் விடை வரவேண்டுமே என்னும் அச்சம் ஆசிரியர் எவர்க்கும் உண்டு. நீந்தத் தெரிந்த பிள்ளை ஒன்று கூடினால், அவ்வச்சம் அவ்வளவிற் குறையும். ஓய்வு பெற்ற எட்டுக் குடும்பத்தார் இதனைச் செய்ய இயலும். அவர்கட்குப் பொழுதும் உண்டு, நீரும் உண்டு.

திருவள்ளுவனார் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில், உலகத்தோடு ஒத்து வாழும் பேரறிவுடையான் செல்வத்திற்கு நீர் நிறைந்த ஊருணியை உவமை கூறினார். செல்வம் குளத்தை ஒத்திருத்தல் வேண்டும் என்றார் அவர். நம் குளமும் அவ்வூருணியை ஒத்திருத்தல் வேண்டும் என்பதே எம் விழைவு.